கணினிப் பராமரிப்பும் ஸ்தாபன வேலையே

(பெங்களூரு ஜோகுபாளையத்தில், தமிழ் பேசும் உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கணினிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பலகையில் எழுதிக் காட்டிய கட்டளைகள் இங்கே ஒலிப்பு வடிவில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.)



லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பது பற்றிப் பேசுமாறு நீங்கள் அழைத்தபோது சற்றே தயங்கினேன். நான் கணினிப் பொறியாளன் அல்லேன். தமிழில் முதுகலை பயின்று, ஆங்கிலத்தில் வரும் கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவதிலேயே காலம் கழித்தவன். நாம் அமர்ந்திருக்கும் இந்த ஜோகுபாளையத்தை அடுத்திருக்கிறது இந்திரா நகர். அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு மென்பொருள் நிறுவனம். அத்தகைய நிறுவனங்களில் பணிபுரியும் இளந்தோழர்கள் சிலரும் இவ்வரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் முன் நான் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. எனினும் ஒப்புக்கொண்டேன். எங்கள் மொழிபெயர்ப்பு மேசைக்கு நேர்ந்த ஓர் இழப்பே அதற்குக் காரணம். அதை மறைக்காமல் சொல்லிவிட்டால், நான் சொல்ல வந்ததில் பாதி முடிந்துவிடும்.

நாங்கள் இழந்தது

எங்கள் மேசையில் லினக்ஸ் நிறுவப்பட்ட பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் தமிழாக்கங்களோடு, 14 ஆண்டுகள் பாடுபட்டுத் திரட்டிய கலைச்சொல் பட்டியலும் இருந்தது. வெறும் சொற்பட்டியல் என்று அதை எண்ணிவிடாதீர்கள். 'ஹெஜிமனி' என்ற சொல்லுக்கு 'மேலாதிக்கம்' என்பதா, 'மேலாண்மை' என்பதா? 'ஏலியனேஷன்' என்பதற்கு 'அந்நியமாதல்' எல்லா இடத்துக்கும் பொருந்துமா? இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் நாங்கள் நடத்திய விவாதமும், இறுதியில் ஒன்றைத் தேர்ந்ததற்கான காரணமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. விவாதித்த மூத்த தோழர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை.

அந்தக் கணினியை அமைத்துப் பராமரித்தவர் ஓர் இளந்தோழர். திறமையானவர். காப்பு நகல் எடுப்பதற்கென்று தனி வன்தட்டு ஒன்றையும் இணைத்து, நாள்தோறும் தானாகவே நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். பின்னர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றார். நான்கு மாதங்கள் கழித்து ஒரு காலையில் கணினியின் வன்தட்டு செத்துப்போனது. நாங்கள் பதறவில்லை, நகல்தான் இருக்கிறதே என்று காப்பு வன்தட்டைத் திறந்தோம். அதற்குள் ஒன்றுமே இல்லை.

காரணத்தைக் கண்டறிய இரண்டு நாள் ஆயிற்று. நகலெடுக்கும் வேலை இரவு 2 மணிக்கு நடக்கும்படி குறிக்கப்பட்டிருந்தது. இரவும் பகலும் ஓடும் வழங்கிக் கணினிகளுக்கு அது உகந்த நேரம். எங்கள் அலுவலகமோ இரவு 9 மணிக்குப் பூட்டப்படும். பூட்டுமுன் எந்திரத்தை அணைத்து, மின்விசையையும் நிறுத்திவிட்டுத்தான் போவோம். ஆகவே அந்தக் கட்டளை ஒரே ஓர் இரவுகூட நிறைவேறவில்லை. ஓடாத எந்திரம் பிழைச்செய்தியும் தராது. ஓராண்டுக்கு மேலாக நகல் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

தமிழாக்கங்களில் பெரும்பாலானவை அச்சாகியிருந்ததால் மீண்டன. கலைச்சொல் பட்டியலின் பழைய அச்சுப்படி ஒன்று மூத்த தோழர் ஒருவரின் பெட்டியிலிருந்து கிடைத்தது. அதில் இருந்தது ஏறத்தாழ பாதி. மறுபாதியைச் சொற்களாக மீட்டுவிட்டோம். விவாதங்களாக மீட்க இயலவில்லை.

நிகழ்ந்ததைப் பரிசீலித்தபோது, சென்றுவிட்ட இளந்தோழர்மீது பழிபோட முற்பட்டவர்களும் உண்டு. அது சரியன்று. நேரத்தைத் தவறாகக் குறித்தது அவரது பிழை. ஓர் அமைப்பின் நினைவகம் முழுவதையும் ஒரே மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு நாளேனும் அறிக்கை கேட்காமல் இருந்தது எங்கள் எல்லோருடைய பிழை. கூட்டுச் செயல்பாடும் தனிநபர் பொறுப்பும் என்று கிளைக் கூட்டத்தில் பேசுகிறோம்; கணினி அறைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறோம். இன்று நான் சொல்லப்போகும் எல்லாக் குறிப்புகளுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான்.

ஏன் லினக்ஸ்?

சுருக்கமாகவே சொல்கிறேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறருக்குப் பகிரவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்பது அதன் கோட்பாடு. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கருநிரலை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் 'லினக்ஸ்' என்று அழைக்கும் இயங்குதளம்.

இதையே சோசலிசம் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. இன்று கருநிரலுக்குப் பங்களிப்பவர்களில் மிகப் பலர் பெருநிறுவனங்களின் ஊதியத்தில் இருப்பவர்கள். உலகின் மாபெரும் தரவு மையங்கள் ஓடுவதும் லினக்ஸில்தான். எனினும் நமக்கு இரண்டு நடைமுறைப் பயன்கள் உண்டு.

முதலாவது, பழைய எந்திரம் உயிர்பெறுகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பு, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் எந்திரங்கள் பழைய இரும்பாகின்றன. நம் எஸ்.பி. சாலைக் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் பழைய கணினி ஒன்றை வாங்கி, 8 ஜிபி நினைவகம் போட்டு, டெபியனோ உபுண்டுவோ நிறுவினால், ஒரு படிப்பகத்துக்குப் பல ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாவது, பூட்டின் சாவி நம்மிடம் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடையை அடுத்து, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னரே அவை மீண்டன. ரஷ்ய மூலதனம் உள்ள பெரிய நிறுவனம் அது. வழக்காட அதற்கு வசதி உண்டு. நமக்கு? எங்கோ எடுக்கப்படும் ஒரு முடிவால் நம் கோப்புகள் நமக்கே மூடப்படும் நிலையை இயன்றவரை தவிர்க்க வேண்டும். ஆனால், எங்கள் கதை காட்டுவது போல, சாவி நம்மிடம் இருந்தால் மட்டும் போதாது. அதைத் தொலைக்காமல் வைத்திருக்கவும் தெரிய வேண்டும்.

சாவி யாரிடம்?

லினக்ஸில் 'ரூட்' என்பவர் எல்லாம் வல்லவர். எதையும் அழிக்கலாம், எவரையும் வெளியேற்றலாம். அந்த அதிகாரத்தை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. ஒவ்வொரு தோழருக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். 'ஆபீஸ்' என்று ஒரே கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால், யார் எதைச் செய்தார் என்று ஒருபோதும் கண்டறிய முடியாது.

நிர்வாக வேலை தேவைப்படும்போது மட்டும் கட்டளையின் முன்னால் 'சுடோ' என்று சேர்த்து அடிக்க வேண்டும். அந்த உரிமை உள்ளவர்கள் இருவர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஊரில் இல்லாத நாளில் வேலை நிற்கும். பத்துப் பேர் என்றால் பொறுப்பு கரைந்துவிடும். சுடோவின் இன்னொரு நன்மை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கட்டளை எப்போது இடப்பட்டது என்பது பதிவேட்டில் ஏறிவிடுவது. அதிகாரம் கொடுத்த இடத்தில் கணக்கும் கேட்க முடிகிறது.

பொதுக் கோப்புறைக்கு வருவோம். மொழிபெயர்ப்புக் குழுவில் ஐவர் இருந்தால், ஐவரையும் ஒரு பயனர் குழுவில் சேர்த்து, கோப்புறையை அந்தக் குழுவின் பெயரில் மாற்றுங்கள். பிறகு 'சிஎச்மாட் 2770' என்று அனுமதி கொடுங்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. முதல் 7 உரிமையாளருக்கு, அடுத்த 7 குழுவுக்கு, 0 ஏனையோருக்கு. முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கோப்பும் அதே குழுவைச் சேரும்படி செய்கிறது. அந்த 2 இல்லாவிட்டால், ஒரு தோழர் உருவாக்கிய கோப்பை அடுத்தவர் திருத்த இயலாமல் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். 'அனுமதிச் சிக்கல் வேண்டாம்' என்று சிலர் 777 போட்டுவிடுவார்கள். அது வீட்டுக்குப் பூட்டுச் சிக்குகிறது என்று கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

உறுப்பினர் பட்டியல் போன்றவை இருக்கும் கணினியில், நிறுவும்போதே வன்தட்டை மறைகுறியாக்கம் செய்யுங்கள். எந்திரம் திருடு போனாலும் தகவல் போகாது. ஆனால் அந்தக் கடவுச்சொல் மறந்துவிட்டால் உலகில் எவராலும் மீட்க முடியாது. எனவே அதை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, கிளைச் செயலாளரிடம் கொடுத்துவையுங்கள்.

ஒரு தோழர் பொறுப்பிலிருந்து விலகும்போது அவரது கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் பூட்டுங்கள்; அவர் கோப்புகளை அடுத்தவருக்கு மாற்றுங்கள்; வெளியிலிருந்து நுழைய அவர் பயன்படுத்திய சாவிக்கோப்பு இருந்தால் அதை நீக்குங்கள். அழிப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

நகல் எடுத்தல், எடுத்ததைச் சோதித்தல்

எங்களுக்குப் பாடம் கற்பித்த இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோப்புகளை நகலெடுக்க 'ஆர்சிங்க்' என்ற கருவி போதும். '-ஏ' என்று சேர்த்தால் அனுமதிகளும் நேரங்களும் மாறாமல் நகலாகும். புதிதாகவும் மாற்றப்பட்டும் உள்ளவற்றை மட்டும் எடுப்பதால் சில நிமிடங்களில் முடியும். '--டிலீட்' என்ற தெரிவில் கவனம் தேவை. மூலத்தில் தவறி அழித்ததை அது நகலிலும் அழித்துவிடும். எந்தக் கட்டளையையும் முதலில் '-என்' சேர்த்து ஒத்திகை பாருங்கள். என்ன நடக்கும் என்று காட்டும், ஆனால் எதையும் செய்யாது.

இன்னொரு பொறியும் உண்டு. காப்பு வன்தட்டு இணைக்கப்படாத நாளிலும் அதற்கென்று வைத்த வெறுங்கோப்புறை கணினியிலேயே இருக்கும். ஆர்சிங்க் அந்த வெறுங்கோப்புறைக்குள்ளேயே நகலை எழுதிவிட்டு, வெற்றி என்று சொல்லிவிடும். மூலமும் நகலும் ஒரே வன்தட்டில்! ஆகவே, வன்தட்டு உண்மையிலேயே இணைந்துள்ளதா என்று 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதித்த பின்னரே நகலெடுப்பு தொடங்கும்படி அமையுங்கள்.

நேரம் குறிக்க 'கிரான்' உள்ளது. அதில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. 0, 19, பிறகு மூன்று நட்சத்திரக் குறிகள் இட்டால் நாள்தோறும் மாலை 7 மணி. உங்கள் படிப்பகம் எப்போது திறந்திருக்கிறதோ, அந்த நேரத்தைக் குறியுங்கள். அணைந்திருந்த எந்திரத்தின் தவறிய வேலையைக் கிரான் பின்னர் செய்வதில்லை, 'அனகிரான்' செய்யும். கணினி அடுத்த முறை ஓடும்போது, விட்டுப்போனது உண்டா என்று பார்த்து முடித்துவிடும். இந்த ஒரு சொல் எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் இன்று இந்த உரையே இருந்திருக்காது.

மொத்தம் மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில். இது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. மழைநீர் புகுந்தாலும் மின்கசிவில் தீப்பற்றினாலும் ஒன்று மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்து படிக்கப்படாத நகலை நகல் என்று கருதக்கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஏதேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டு, திறந்து, ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். இதைப் பொறுப்பாளர் செய்யக்கூடாது. இன்னொருவர் செய்ய வேண்டும்.

வாராந்திர வேலை

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். 'சுடோ ஏபிடி அப்டேட்', பிறகு 'சுடோ ஏபிடி அப்கிரேட்'. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரும். 'டிஎஃப் -எச்' என்று அடித்து, வன்தட்டில் எவ்வளவு இடம் மீதி என்று பாருங்கள். முழுதும் நிரம்பிய வன்தட்டில் பதிவேடுகூட எழுதப்படாது. 'ஜர்னல்சிடிஎல் -பி எர் -பி' என்பது, கணினி கடைசியாகத் தொடங்கியதிலிருந்து நேர்ந்த பிழைகளைக் காட்டும்; ஆங்கிலத்தில் இரண்டாம் 'பி' வேறெழுத்து, பலகையில் கவனியுங்கள். எல்லாப் பிழையும் ஆபத்தானதன்று. சென்ற வாரம் இல்லாத புதிய வரி எது என்பதைத்தான் தேட வேண்டும்.

வன்தட்டுகள் பல சாகுமுன் அறிகுறி காட்டுவது உண்டு. 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற கருவி வன்தட்டின் சுயசோதனை முடிவைக் காட்டும். பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறினால், உடனே புதிய வன்தட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

செய்தது ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஒரு காகித நோட்டில் எழுதுங்கள். கணினியிலேயே எழுதிவைத்தால், கணினி கெட்ட நாளில் அதைப் படிக்க இயலாது. கிளையின் மினிட் புத்தகத்துக்கு உரிய மரியாதை இந்த நோட்டுக்கும் உண்டு.

தமிழ்க் கோப்புகள்

நம் பழைய ஆவணங்கள் பலவும் டாப், டிஸ்கி, இன்னும் பெயர் தெரியாத தனியார் எழுத்துருக் குறியேற்றங்களில் கிடக்கின்றன. எழுத்துரு தொலைந்தால் கோப்பு இருந்தும் இல்லாததுதான். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகையை வகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. லினக்ஸில் 'ஐபஸ்' உள்ளீட்டுக் கருவியோடு 'எம்17என்' தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, லிபர் ஆபீஸின் ஓடிடி வடிவில் சேமியுங்கள். அது 2006 முதல் பன்னாட்டுத் தரம். மாற்றியபின் மூலக்கோப்பை எறிந்துவிடாதீர்கள். மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம்மாற்றிவிடுவது உண்டு. ஒரு தமிழாசிரியரின் கண்ணால் மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும்.

அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருவுமே ஆட்சி செய்கின்றன. ஸ்கிரைபஸ் மென்பொருள் 2017இன் 1.5.3 பதிப்பு முதல் தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது. ஆனால் அச்சக நண்பரின் கைப்பழக்கம் ஒரே நாளில் மாறாது. பொறுமை வேண்டும்.

எங்கே நிலைத்தது?

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007ஐ ஒட்டி சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னை சி-டாக் அதே ஆண்டில் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. பெற்ற மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் அதைத் திறந்தார்கள் என்று.

கேரளத்தில் 2001இல் ஐடி@ஸ்கூல் திட்டம் தொடங்கியது. இன்று அதன் பெயர் 'கைட்'. அங்கே மென்பொருளைப் பகிர்ந்தளித்ததோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சி அளித்தார்கள். பள்ளிதோறும் கணினி ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியரை அமர்த்தினார்கள். 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்களையும் அமைத்தார்கள். உரிமக் கட்டணத்தில் ரூ.3000 கோடி மிச்சம் என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. பணம் மிச்சமானதைவிட, பழுது பார்க்கத் தெரிந்த ஆயிரக்கணக்கானோர் உருவானதே பெரிது. நம் பெங்களூரிலேயே குரப்பனபாளையம் பக்கம் உழைக்கும் மக்கள் குடியிருப்பில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையத்தில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் பிள்ளைகளுக்கு லினக்ஸ் கற்பித்தார்கள். அத்தகைய மையம் ஜோகுபாளையத்துக்கும் மர்பி டவுனுக்கும் ஏன் கூடாது?

ஒற்றை மனிதர்மீது பாரம் ஏற்றினால் என்னவாகும் என்பதற்கு உலகளாவிய எடுத்துக்காட்டு ஒன்று. 'எக்ஸ்இசட்' என்ற சிறிய சுருக்கு மென்பொருள் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உண்டு. அதை நெடுங்காலம் தனியொருவரே, ஊதியமின்றி, பராமரித்து வந்தார். அவர் களைத்திருந்த வேளையில், புனைபெயரில் ஒருவர் உதவுவதுபோல் வந்து, இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, இரகசியப் பின்வாசல் ஒன்றைப் புகுத்தினார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைநுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று விடாமல் தேடியதால்தான் அது பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்ததால் தேட முடிந்தது. தேட ஒருவர் இருந்ததால் தப்பித்தோம். இரண்டும் வேண்டும்.

தோழர்களே! இன்று வீடு திரும்புமுன் மூன்று காரியங்கள் செய்யுங்கள். உங்கள் படிப்பகக் கணினிக்கு இரு பொறுப்பாளர்களின் பெயரை முடிவு செய்யுங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். நகலைச் சோதிக்கும் மூன்றாமவர் யார் என்று தீர்மானித்து, அவர் மாதந்தோறும் கிளையில் அறிக்கை வைக்கட்டும். இரண்டே நிமிட அறிக்கை: "நகலைத் திறந்தேன், படித்தேன், சரியாக இருக்கிறது."

நாங்கள் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கவில்லை. நீங்கள் ஒதுக்குங்கள்.